காலத்தில் இட்ட தீ

பரமத்தி வேலூர்ப் பிரதேசத்தில் பிறந்தவர்களுக்கு நீரைப் பற்றித் தெரிந்த அளவு தீயைப் பற்றியும் தெரியும் என்று நான் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்பத் தயங்குவார்கள். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் பாய்ந்து, கரும்பும் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பசுமை மாறாமல் கிடக்கும் அந்தப் பூமியில் தீக்கு என்ன வேலை என்றுதான் யாருக்கும் கேட்கத் தோன்றும். ஆனால் கரும்பு வெட்டி முடிந்த வயலில் முழங்கால் உயரத்துக்குப் படிந்திருக்கும் சோகையை எரித்தாக வேண்டிய காலத்தில், ஒரு பக்கம் வெட்டாத கரும்பும் மறுபக்கம் ஆலைக் கொட்டகையும் நிற்க, தீயை ஒரு வரப்பும் தாண்ட விடாமல் நடத்திச் செல்லும் வித்தையை எங்கள் பக்கத்துக் குடியானவர்கள் பரம்பரையாக அறிந்திருந்தார்கள். பிலிக்கல்பாளையம் சந்தைக்கு வெல்லம் அனுப்பிய ஊர்கள் அனைத்திலும் அந்த வித்தை இருந்தது. முதலில் வனக்காப்பாளராகவும் பின்பு வனவராகவும் நான் உத்தியோகம் பார்த்த காலமெல்லாம் எனக்குத் துணை நின்ற முதற்பாடம் அந்தக் கரும்புக்காட்டில் கற்றதே ஆகும்.

என் அப்பாரு சோகை எரிக்கும் நாளில் உச்சிப் பொழுதில் ஒரு நெருப்புக் குச்சியும் உரசவிட மாட்டார். வெயில் தாழ்ந்து காற்று அடங்கிய பிறகு, வயலைச் சுற்றி இரண்டு பாகம் அகலத்துக்குச் சோகையை உள்ளே வாரித் தள்ளி, வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா என்று பார்த்து, பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிய பிறகே வேலை ஆரம்பமாகும். “காத்து போற பக்கத்து ஓரத்துலே மொதல்ல வெய்யி, கண்ணு” என்பார். அப்படி வைத்த தீ காற்றை எதிர்த்து அங்குலம் அங்குலமாக ஊர்ந்து வந்து, ஓரத்தில் கரிந்த பட்டை ஒன்றை உண்டாக்கும். அந்தப் பட்டை போதிய அகலமான பின்பு, காற்று வரும் பக்கத்தில் வைக்கும் தீ எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், கரிந்த இடத்தில் தின்ன ஒன்றுமில்லாமல் தானே அணைந்துவிடும். பிற்காலத்தில் வனத்துறைப் பயிற்சியில் எதிர்த்தீ என்ற பெயரில் இதையே எனக்குப் போதித்தபோது, அது எனக்குப் புதிய விஷயமாகத் தோன்றவில்லை.

வனக்காப்பாளராக நான் முதலில் போய்ச் சேர்ந்த இடம், அக்காலத்தில் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த கொல்லிமலையின் அடிச்சரிவு. மலையின் மேற்பரப்பில் மழையும் ஈரமும் உண்டு. ஓடைப் பள்ளங்களில் பகலிலும் வெயில் புகாத சோலைகள் உண்டு. ஆனால் அடிவாரத்திலிருந்து நடுமலை வரையுள்ள சரிவுகளின் ஸ்வபாவம் வேறு. வேங்கை, வெக்காலி, கடுக்காய், உசிலை, வெப்பாலை முதலிய மரங்கள் நிற்கும் அந்தக் காடு ஐப்பசி கார்த்திகை மழையில் தழைத்துப் புல்லை இடுப்பளவு வளர்த்துவிட்டு, தை பிறந்ததும் இலையை உதிர்க்கத் தொடங்கும். மாசி பங்குனிக்குள் புல் காய்ந்து, அதன்மேல் சருகு படிந்து, சித்திரையின் கோடை மழை வரும் வரையில் மலை முழுவதும் ஒரே விறகுக் குவியலாகக் கிடக்கும். ஈரமுள்ள நிலத்தில் சருகைக் கறையானும் பூஞ்சையும் மக்கச் செய்துவிடும்; ஈரமற்ற சரிவில் அவற்றுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. ஆகவே அந்தச் சருகு ஏதாவது ஒரு நாளில் எரிந்தே தீரும். அது தை மாதத்துப் பனியில் மனிதர் கையால் எரியுமா, பங்குனி வெயிலில் எவனோ எறிந்த பீடித் துண்டால் எரியுமா என்பதில்தான் வேற்றுமை. அந்த வேற்றுமையை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்வதே என் உத்தியோகத்தின் சாரம் என்று நான் கருதி வந்தேன்.

சட்டம் இந்த வேற்றுமையைக் காணவில்லை. 1860-களில் மத்திய மாகாணத்துப் போரி வனத்தில் கர்னல் பியர்ஸன் என்பவர் சில பருவங்கள் தீயே புகாமல் காத்துக் காட்டியது முதல், தீயை முற்றிலும் விலக்குவதே வன பரிபாலனத்தின் முதற் கடமை என்ற அபிப்பிராயம் ஆங்கிலேய அதிகாரிகளிடம் வேரூன்றியது. 1882-ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காப்புக் காடுகளில் தீ வைப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆயினும் தேக்கு வளரும் பர்மாவில் வேலை பார்த்த வன அதிகாரிகளுக்கே சீக்கிரத்தில் சந்தேகம் தோன்றிவிட்டது. தீ அண்டாத காட்டில் மூங்கிலும் புதரும் அடர்ந்து தேக்கின் கன்றுகளை எழவிடாமல் அமுக்குவதைக் கண்டு, பர்மாவில் தீக்காப்பு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று ஸ்லேடு என்ற அதிகாரி 1896-இல் ‘இந்தியன் பாரஸ்டர்’ பத்திரிகையில் எழுதினார். அந்த விவாதம் நெடுங்காலம் நடந்தது. பருவத்தின் தொடக்கத்திலேயே இளந்தீ இடும் முறை சில பிரதேசங்களில் திரும்பவும் இடம் பெற்றது. ஆனால் மலையிலே குடியிருந்த ஜனங்களின் கையில் மட்டும் நெருப்புக்குச்சியைத் திரும்பக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. காட்டில் தீப்பிடித்தால் ஓடிவந்து அணைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு விதிக்கப்பட்டது. எங்கே, எப்போது, எவ்வளவு எரிப்பது என்று சொல்லும் பாத்தியதை அவர்களுக்கு அளிக்கப்படவில்லை.

அந்தப் பாத்தியதையைத் தங்கள் முன்னோர் எப்படி நடத்தினார்கள் என்பதைச் சோளகர் முதியவர்கள் வாயால் கேட்கும் பாக்கியம், ஆசனூர், தாளவாடிப் பக்கத்துக் காடுகளுக்கு நான் மாற்றலாகிச் சென்ற காலத்தில் எனக்குக் கிடைத்தது. எல்லைக்கு அப்பால் கர்நாடகத்தில் உள்ள பிலிகிரிரங்கன் மலையிலும் இப்பாலுள்ள சத்தியமங்கலம் மலைகளிலும் வாழும் அவர்கள், ஆண்டு தொடங்கியதும், பனி விலகாத நாட்களில், தரையிலுள்ள சருகுக்கு மட்டும் மெல்லிய தீ இட்டு வந்தார்கள். அதைத் தரகு பெங்கி என்பார்கள். புல்லின் அடி ஈரமாக இருப்பதால் அந்தத் தீ முழங்காலுக்கு மேல் எழுவதில்லை. மரத்தின் பட்டையை நக்கிவிட்டுப் போகும். ஓடைக்கரைப் பசுமையை எட்டியதும் அணைந்துவிடும். மழை பெய்ததும் அந்த இடத்தில் இளம்புல் எழும். கடமானும் காட்டெருமையும் அங்கே மேய வரும். கிழங்கு தோண்டவும் தேன் எடுக்கவும் போகிறவர்களுக்குப் பாம்பும் யானையும் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரியும். நெல்லி மரங்களைப் பற்றிக் கொல்லும் புல்லுருவி முன்பு இவ்வளவு இல்லை என்றும், சருகுத் தீ நின்ற பிறகே அது பெருகியது என்றும் அவர்கள் உறுதியாகச் சொன்னார்கள். காட்டு நெல்லிக்காய் பொறுக்கி ஜீவனம் செய்கிறவர்களின் சொல் அது. பின்னாளில் ஆய்வாளர்களும் அந்த அபிப்பிராயத்தைச் சிரத்தையோடு கேட்டு 2010-இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் பதிவு செய்தார்கள்.

பிலிகிரிரங்கன் மலை 1974-இல் வனவிலங்கு சரணாலயமாயிற்று. தரகு பெங்கி நின்றது. அதன் பின் நடந்தது இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் அறிய வேண்டிய பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காகக் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி, அந்த மலையின் தரையை மூடத் தொடங்கியது. 1997-க்கும் 2008-க்கும் இடையில் அதன் அடர்த்தி நான்கு மடங்குக்கு மேல் பெருகியதாக அங்கே ஆய்வு செய்தவர்கள் கணக்கிட்டார்கள். புல்லிலும் சருகிலும் பரவும் தீ தரையோடு நடக்கும். ஆளுயரத்துக்கு வளர்ந்து கோடையில் காய்ந்து நிற்கும் உண்ணிப் புதரில் பற்றும் தீயோ ஏணியில் ஏறுவதுபோல் மரத்தின் தலைக்கே ஏறிவிடும். 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் பல்லாயிரம் ஏக்கர் எரிந்தபோது, அத்தகைய புதர்கள் மண்டிய காட்டில் தீயை அடக்குவது எவ்வளவு அரிது என்பதைத் தேசமே கண்டது. ஆதலால் இன்றைக்குத் தரகு பெங்கியை அப்படியே திரும்பக் கொண்டுவந்துவிட முடியாது. முதலில் உண்ணியை வேரோடு பறித்துப் புல் எழச் செய்து, அதன் பிறகே இளந்தீயைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு வழக்கத்தை நிறுத்துவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். அதைத் திரும்பப் பெறுவதற்கு ஒரு தலைமுறையின் உழைப்பு வேண்டியிருக்கிறது.

கொல்லிமலைக்கு நான் வனவராகத் திரும்பி வந்தபோது, எங்களுக்குச் சட்டப்படி அனுமதிக்கப்பட்டிருந்த எரிப்பு ஒன்றே ஒன்று. அதாவது தீத்தடுப்புக் கோடு. ஜனங்கள் அதை ஃபயர் லைன் என்றே சொல்வார்கள். காப்புக் காட்டின் எல்லையிலும், வண்டித் தடங்களின் இருபுறத்திலும், மலையின் முதுகிலும் இடத்துக்கேற்ப 3 மீட்டர் முதல் 10 மீட்டர் அகலம் வரை புல்லையும் புதரையும் செதுக்கி, அதை நடுவில் சேர்த்துக் காயவிட்டு எரித்துக் கரிந்த பட்டையாக்குவதே அதன் முறை. எழுத்தில் இவ்வளவு எளிமையாக இருக்கும் அந்த வேலையில் கவனிக்க வேண்டிய நுட்பங்கள் பல. மார்கழிக் கடைசியிலோ தை முதலிலோ செதுக்கத் தொடங்கினால்தான் மாசிக்குள் எரித்து முடிக்கலாம்; அதற்கு முன் எரித்தால் பச்சை பற்றாது, அதற்குப் பின் எரித்தால் கோட்டைத் தாண்டும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு வீசும். பொழுது சாய்ந்ததும் அது திரும்பி மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். அந்தத் திரும்பலுக்கு இடையில் காற்று அசையாத ஒரு பொழுது உண்டு. எரிப்பவனுக்குரிய பொழுது அதுவே. எப்போதும் முதுகிலிருந்துதான் தீயைத் தொடங்கிக் கீழ்நோக்கிக் கொண்டுவர வேண்டும். அந்தப் பக்கத்து ஊர்க்கவுண்டர் ஒருவர் எனக்கு இதைச் சொன்ன விதம் எந்தக் கையேட்டிலும் இல்லாத தெளிவுடையது. “ஐயா, மேலேயிருந்து கீழே வந்தா தீ நடக்கும், கீழேயிருந்து மேலே போனா தீ ஓடும். நடக்கிற தீயோட நாம கூட நடக்கலாம்” என்றார். “சரிதான் கவுண்டரே, உங்க சொற்படியே மேலிருந்தே ஆரம்பிப்போம்” என்று நான் இசைந்தேன்.

சரிவு 10 பாகை கூடுந்தோறும் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது தீயறிஞர்கள் பயன்படுத்தும் கணக்கு. ஆகவே செங்குத்தான புல்வெளியில் மேலேறி வரும் தீயை மனிதன் ஓடி வெல்ல முடியாது. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் போடி மலையில் குரங்கணிக்கு அருகே மலையேறச் சென்ற இளைஞர்களும் பெண்களுமாக 20-க்கும் மேற்பட்டோர் தீயில் சிக்கி உயிர் இழந்த செய்தி வந்தபோது, நானும் என் பழைய சகாக்களும் பேச்சற்றுப் போனோம். காய்ந்த புல் சரிவில் தீ வரும்போது ஒதுங்கத் தகுந்த இடம் ஏற்கனவே எரிந்து ஆறிய கரிநிலம் ஒன்றே. அத்தகைய கரிநிலங்கள் மலையில் அங்கங்கே திட்டுத் திட்டாக இருக்க வேண்டுமானால், பருவத்தின் தொடக்கத்திலேயே அறிந்தவர் கையால் அவை எரிக்கப்பட்டிருக்க வேண்டும். உயிர் காக்கும் ஏற்பாடு என்று நான் இளந்தீயைச் சொல்வது இந்தக் காரணத்தால்தான்.

தீக்கோடு போடுவதைக் கூலி வேலையாக மட்டும் நடத்தினால் அது கோடாக இருக்குமே தவிரக் காவலாக இருக்காது. எரித்த பின்பும் இலை உதிர்ந்துகொண்டே இருப்பதால் பங்குனியில் ஒருமுறையாவது திரும்பப் பெருக்க வேண்டும். கூலிக்கு வந்தவர் அதற்குள் வேறு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே தை மாதத்திலேயே ஊர்ச்சாவடியில் ஒரு கூட்டம் போடும் வழக்கத்தை எங்கள் சரகத்தில் ஏற்படுத்தினோம். கொல்லிமலை மலையாளி ஜனங்களிடம் நாடு என்றும் ஊர் என்றும் பிரிவுகள் உண்டு. பெரியவர்களின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. எந்தச் சரிவில் யார் மாடு மேய்கிறது, எங்கே துடைப்பப்புல் அறுக்கிறார்கள், எந்தப் பாறையில் தேனடை இருக்கிறது, யார் காப்பித் தோட்டம் காப்புக் காட்டை ஒட்டி இருக்கிறது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்தில் ஒரு நாழிகைக்குள் வெளிவந்துவிடும். வீட்டுக்கு ஒருவர் வேலைக்கு வருவதென்றும், புகை கண்டவர் தப்பட்டை அடித்துச் சொல்வதென்றும், பச்சைத் தழையும் அரிவாளும் குடத்துத் தண்ணீரும் யார் யார் கொண்டுவருவதென்றும் அங்கேயே பேசி முடிப்பார்கள். தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின் கீழ் 1997 முதல் கிராம வனக் குழுக்கள் அமைந்தபோது, இத்தகைய பேச்சுக்குச் சர்க்கார் அங்கீகாரமும் ஓரளவு கிடைத்தது.

அந்தக் கூட்டங்களில் பெண்களின் சொல்லையே நான் மிகவும் கூர்ந்து கேட்பது வழக்கம். விறகுக்கும் கடுக்காய்க்கும் காட்டில் தினமும் நடப்பவர்கள் அவர்கள்; எந்தப் பள்ளத்தில் சருகு அதிகம் தேங்கியிருக்கிறது என்பதை எந்த வரைபடமும் அவர்களைப்போல் காட்டாது. டேராடூனிலுள்ள இந்திய வன அளவை நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் மூலம் தீப்பற்றிய இடங்களைக் கண்டு மாநிலங்களுக்கு அறிவித்து வருகிறது. அது மகத்தான உதவி என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அறிவிப்பு தீப்பிடித்த பின்பே வரும். பிடிக்கக்கூடிய பள்ளம் இன்னதென்று துல்லியமாகச் சொல்ல ஊரால்தான் முடியும்.

எரிக்கத் தெரிந்தவனுக்கு எரிக்கக் கூடாத இடம் முதலில் தெரிய வேண்டும். ஓடைச் சோலைக்குள் தீ ஒருபோதும் புகக் கூடாது. அந்த மரங்களுக்குத் தீயைத் தாங்கும் பட்டை இல்லை. சந்தனக் கன்று உள்ள இடத்தைச் சுற்றிச் செதுக்கிவிட்டே பக்கத்தில் குச்சி உரச வேண்டும். பொந்துள்ள பழைய மரத்தின் அடியிலிருந்து சருகை வாரி அகற்ற வேண்டும். பொந்தில் புகுந்த தீ நாட்கணக்கில் உள்ளே கனன்று, ஆள் போன பிறகு வெளியே வரும். தரையில் கூடு கட்டும் பறவைகள் முட்டையிடும் பருவம் தொடங்குமுன் வேலை முடிந்துவிட வேண்டும். ஒரே சரிவை ஆண்டுதோறும் எரித்தால் கன்றுகள் எழ வழியின்றிக் காடு வெறும் புல்லாகிவிடும். ஆகவே ஓரிடத்தை எரித்தால் சில ஆண்டுகள் அதை விட்டுவைத்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எங்கள் கரும்புக்காட்டைப் பற்றியும் இங்கே ஒன்று சொல்வது என் கடமை. நீர் பாயும் வயலில் சோகை மக்கக் கூடியது. அதைப் பார் இடையில் பரப்பினால் ஈரம் காக்கும், மண்ணுக்கு ஆகாரமாகும். ஆதலால் இக்காலத்து விவசாயிகள் சோகையை எரிக்காமல் மக்கவிடுவதே உத்தமம். மக்கும் இடத்தில் தீ வீண் செலவு. மக்காத சரிவில் அது அவசியமான செலவு.

இந்த விவேகத்தை உலகத்தின் பல நாடுகள் பெருநஷ்டப்பட்ட பிறகே கற்றன. எந்தக் காட்டுத்தீயையும் கண்ட மறுநாள் காலை 10 மணிக்குள் அணைத்துவிட வேண்டும் என்று 1935-இல் விதி செய்த அமெரிக்க வனத்துறை, எழுபதுகளில் அதைக் கைவிட்டது. அதற்குள் பல காடுகளில் பல பருவங்களின் விறகு சேர்ந்துவிட்டது. கலிபோர்னியாவில் கரூக், யூரோக் முதலிய ஆதிக்குடிகள் தங்கள் முன்னோர் இட்ட தீயை இன்று மீண்டும் இடுகிறார்கள். தக்க பயிற்சியோடும் முறையோடும் எரிப்பவர்களைத் தீயணைப்புச் செலவைச் சுமக்க நேரும் பயத்திலிருந்து காக்க அந்த மாநிலம் 2021-இல் சட்டமே இயற்றியது. வட ஆஸ்திரேலியாவின் மேற்கு ஆர்னம் லாந்தில் 2006 முதல் ஆதிக்குடிக் காவலர்கள் வறட்சிப் பருவத்தின் தொடக்கத்தில் சிறு தீ இட்டு, பிற்பருவத்துப் பெருந்தீயைக் குறைத்து வருகிறார்கள்; அதற்காக அவர்களுக்கு ஊதியமும் கிடைக்கிறது. நம் தேசத்திலும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு உரிமை அளித்திருக்கிறது. 2011-இல் பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களுக்கு அந்த உரிமை வழங்கப்பட்டது. ஆனால் தீயைப் பற்றிய தீர்மானம் இன்னும் அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை.

மலையின் விஷயம் மலைக்காரர்களோடு முடிந்துவிடும் என்று சமவெளியில் இருக்கும் நாம் நினைப்பது சரியன்று. சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலத்தையும் நாமக்கல் சீமையையும் கடந்து எங்கள் பரமத்தி வேலூர் வட்டத்து நன்செய் இடையாற்றில் காவிரியில் கலக்கிறது. கொல்லிமலையில் பிறக்கும் கரைபோட்டானாறும் காவிரியையே சேர்கிறது. கோடைப் பெருந்தீயில் வெந்து மூடாக்கு இழந்த சரிவில் பெய்யும் முதல் மழை, நின்று நிலத்தில் இறங்குவதில்லை. சாம்பலையும் மேல்மண்ணையும் வாரிக்கொண்டு ஓடி ஆற்றையும் ஏரியையும் தூர்க்கிறது. நம் கிணற்று ஊற்றின் கணக்கில் அந்தச் சரிவும் சேர்ந்திருக்கிறது.

ஆகையால் என் தொழிலில் நான் கற்றதைக் கொண்டு ஒரு வேண்டுகோளோடு இதை முடிக்கிறேன். காட்டை ஒட்டிய ஒவ்வோர் ஊரின் கிராம சபையும் தை மாதத்தில் தீக்கென்று ஒரு நாள் கூடட்டும். எந்தச் சரிவைச் செதுக்குவது, எதை எரிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்பதை ஊர்ப் பெரியவர்களும் பெண்களும் வனத்துறையினரும் ஒன்றாக இருந்து எழுதிக் கையெழுத்திடட்டும். அந்தக் காகிதத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பையும், எரிக்கவும் காக்கவும் வருகிறவர்களுக்குப் பங்குனிக் கடைசி வரை முறையான ஊதியத்தையும் சர்க்கார் அளிக்கட்டும். இளந்தீ இடத் தெரிந்த முதியவர்கள் இன்னும் சிலர் மலைகளில் இருக்கிறார்கள். அவர்கள் நடக்கக் கூடியவர்களாக இருக்கும்போதே இளைஞர்களை அவர்களோடு அனுப்பிவிட வேண்டும்.